கழிவுநீர்க் குழாயில் மரவேர்: மைசூரு வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மைசூரில் பழைய வீடு வாங்குகிறவர்கள் மரத்தையும் சேர்த்தேதான் வாங்குகிறார்கள். யாதவகிரி, ஜெயலட்சுமிபுரம், சரஸ்வதிபுரம், குவெம்பு நகர் என்று எந்தப் பக்கம் நடந்தாலும் காம்பவுண்டுக்குள் ஒரு மாமரமோ தென்னையோ, வாசலில் புங்கனோ குல்மோஹரோ நிற்கும். அந்த நிழலைப் பார்த்தே வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தவர்கள் உண்டு. குடிவந்து கொஞ்ச காலத்தில் பாத்ரூமில் தண்ணீர் தேங்கத் தொடங்கும். பிளம்பர் வருவார், சேம்பரைத் திறப்பார், கொத்துக் கொத்தாக வேரை இழுத்துப் போடுவார். "மரத்தை எடுத்துடுங்க சார், வேற வழியில்ல" என்பார்.

வேறு வழி இருக்கிறது. ஒழுகாத குழாயை வேர் பெரும்பாலும் தேடி வருவதில்லை. வேர் வந்திருக்கிறது என்றால் அனேகமாக அந்த இடத்தில் குழாய் ஏற்கெனவே ஒழுகிக்கொண்டிருந்தது என்று பொருள். மரத்தை வெட்டினாலும் ஒழுகல் நிற்காது. நம் வீட்டுக் கழிவு மண்ணுக்குள், பக்கத்து போர்வெல் பக்கமாக, இறங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே நாம் சரிசெய்யப்போவது குழாயை. மரம் நின்ற இடத்தில் நிற்கட்டும். ஆரம்பத்திலிருந்து ஒவ்வொரு படியாகப் பார்ப்போம். பிளம்பிங் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

உள்ளே என்ன நடக்கிறது?

கோடையில் மண் காயும்போது வேரின் நுனி ஈரம் இருக்கும் பக்கம் வளர்கிறது. கழிவுநீர்க் குழாய்க்குள் எப்போதும் ஈரம் உண்டு, காற்று உண்டு, நைட்ரஜனும் பாஸ்பரஸும் தாராளமாக உண்டு. இணைப்பில் ஒரு மயிரிழை விரிசல் இருந்தால் போதும், அந்த ஈரம் வெளியே கசிந்து வேருக்கு வழிகாட்டிவிடும்.

நுழையும்போது அது நூல் கனம்தான். உள்ளே போனதும் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிந்து குழாயை அடைத்துக்கொள்கிறது. வெளியே எடுத்துப் பார்த்தால் சிக்கு விழுந்த தலைமுடிக் கற்றை போலவே இருக்கும்: வெளியே பழுப்பு, நுனியெல்லாம் வெள்ளை, நடுவே சோப்பும் எண்ணெயும் கெட்டிப்பட்ட சாம்பல் நிறக் கட்டிகள். வேர் மட்டும் இருந்தால் தண்ணீர் எப்படியோ வடிந்துவிடும். சமையலறை எண்ணெய், முடி, டிஷ்யூ எல்லாம் அதில் சிக்கும்போதுதான் அடைப்பு. இதற்கிடையே விரிசலில் மாட்டியிருக்கும் வேர்ப்பகுதி வருடா வருடம் பருத்து, இணைப்பை இன்னும் அகலமாகப் பிளக்கிறது.

நம் வீட்டில் என்ன குழாய்?

இதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை புரிந்துவிடும். பி.வி.சி. பரவலாவதற்கு முன் கட்டிய வீடுகளில் பெரும்பாலும் ஸ்டோன்வேர் குழாய்தான் இருக்கும். பளபளப்பான பழுப்பு மேல்பூச்சு கொண்ட சுட்ட மண் குழாய். அந்தக் காலத்துச் சரக்கு நல்ல சரக்குதான். மண்ணில் அரிக்காது, ஆசிட்டுக்கும் அசையாது. பலவீனம் அதன் நீளத்தில் இருக்கிறது. ஒரு துண்டு ஏறக்குறைய 60 செ.மீ. என்றால், 12 மீட்டர் லைனுக்கு 20 துண்டு, நடுவே 19 இணைப்பு. ஒவ்வொன்றிலும் சணலைத் திணித்து சிமென்ட் பூசியிருப்பார்கள். வீடு கொஞ்சம் அமர்ந்தாலும், மேலே கார் ஏறி இறங்கினாலும், அந்த சிமென்ட் விரியும். வேருக்கு 19 வாசல்.

அதே 12 மீட்டரை 6 மீட்டர் பி.வி.சி. குழாயில் போட்டால் நடுவே ஒரே ஒரு இணைப்பு. அதற்காக பி.வி.சி. போட்டுவிட்டால் கவலையே இல்லை என்று நினைக்க வேண்டாம். ஸ்வீடனில் நடந்த ஆய்வுகளில் பி.வி.சி. குழாய்களின் ரப்பர் ரிங் இணைப்புகள் வழியாகவும் வேர் நுழைந்திருப்பது தெரியவந்தது. குழாய் எதுவானாலும் இணைப்புதான் கவனிக்க வேண்டிய இடம்.

முதல் படி: லைன் போகும் வழியைக் கண்டுபிடிப்போம்

ஒரு வெள்ளைத்தாளில் வீட்டின் அமைப்பை வரைந்துகொள்வோம். சேம்பர் மூடிகள் எங்கெங்கே என்று குறிப்போம். டைல்ஸ் போடும்போது மூடியை மறைத்துவிடும் பழக்கம் இங்கே உண்டு. காணாமல் போன சேம்பரைத் தேட வேண்டியிருக்கலாம்.

மைசூரில் ஒரு விசேஷம். 1890-களின் இறுதியில் வந்த பிளேக் நோய்க்குப் பிறகு, 1903-ல் சிட்டி இம்ப்ரூவ்மென்ட் ட்ரஸ்ட் போர்டு அமைத்து நகரத்தை விரிவுபடுத்தினார்கள். கிருஷ்ணமூர்த்திபுரம், சாமராஜபுரம், லட்சுமிபுரம், அக்ரஹாரம் போன்ற பகுதிகளில் வீடுகளின் பின்பக்கம் கழிவு அகற்றுவதற்கான கன்சர்வன்சி சந்து விட்டிருப்பதைப் பார்க்கலாம். இப்படிப்பட்ட வீடுகளில் கழிவுநீர் லைன் முன்வாசல் ரோட்டுக்குப் போகாமல் பின்சந்துக்குப் போகலாம். முன்னால் நிற்கும் மரத்தைக் குறைசொல்லி முன்பக்கம் தோண்டிவிட்டு, லைன் பின்னால் இருப்பதைக் கடைசியில் கண்டுபிடித்தால் அத்தனையும் தண்டச் செலவு.

உறுதிசெய்வது சுலபம். ஒரு பக்கெட் தண்ணீரில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கலந்து டாய்லெட்டில் ஊற்றுவோம். எந்தச் சேம்பரில் நீலம் வருகிறது, அடுத்தது எது, கடைசியில் யு.ஜி.டி. (தெருவின் நிலத்தடிக் கழிவுநீர் லைன்) மேன்ஹோல் எந்தப் பக்கம் என்று ஒருவர் பார்த்துக்கொண்டே போகட்டும். ஒவ்வொரு குழாய்க்கும் இப்படிச் செய்தால் அரை நாளில் வீட்டின் வரைபடம் கையில் இருக்கும். அதிலேயே மரங்களையும் குறித்துவிடுவோம்.

மூடியைத் திறந்ததும் குனிந்து எட்டிப் பார்க்கக் கூடாது. கொஞ்ச நேரம் காற்றாட விட்டு, தள்ளி நின்று டார்ச் அடித்துப் பார்க்கலாம். தீக்குச்சி, சிகரெட் பக்கத்திலேயே வரக் கூடாது.

வேர்தானா என்று எப்படித் தெரியும்?

ஒரே ஒரு வாஷ்பேசினோ ஒரே ஒரு பாத்ரூமோ மட்டும் மெதுவாக வடிந்தால் அது டிராப்பில் அடைப்பு, வேருக்குச் சம்பந்தமில்லை. வீட்டில் எல்லாமே மெதுவாகிறது, வாஷிங் மெஷின் தண்ணீர் விடும்போது கீழ்த்தளத்து டாய்லெட்டில் குடுகுடுவென்று சத்தம் வருகிறது என்றால் மெயின் லைனைச் சந்தேகிக்க வேண்டும். சுத்தம் செய்த சில மாதங்களிலேயே அதே இடத்தில் மறுபடி அடைப்பு வருவது முக்கியமான அடையாளம். மார்ச், ஏப்ரலில் தோட்டமெல்லாம் காய்ந்து கிடக்கும்போது ஒரு பட்டையில் மட்டும் புல் பச்சையாக இருந்தால், அதற்குக் கீழே குழாய் ஒழுகுகிறது. தரைக்கல் ஓரிடத்தில் மட்டும் இறங்கியிருப்பதும் அப்படித்தான்.

இன்னும் நிச்சயம் வேண்டுமானால் கேமரா. போனில் மாட்டும் எண்டோஸ்கோப் கேமரா, 10 மீட்டர் ஒயரோடு, ஆன்லைனில் 1,000 முதல் 2,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. சேம்பரிலிருந்து உள்ளே தள்ளினால் குழாயின் உட்புறம் தெரியும். ஒயரில் அடிக்கு ஒரு டேப் ஒட்டிக்கொண்டால் எத்தனையாவது அடியில் வேர் இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். அப்புறம் மொத்த முற்றத்தையும் உடைக்க வேண்டியதில்லை. இந்தக் கேமராவைத் தயங்காமல் வாங்கச் சொல்வேன்.

எந்த மரம், எவ்வளவு தூரம்?

முதலில் கவனிக்க வேண்டியவை ஆல், அரசு, அத்தி, அழகுக்கு வைக்கும் ஃபைகஸ் எல்லாம் சேர்ந்த குடும்பம். இவற்றை நாம் நட வேண்டியதே இல்லை. பறவை எச்சத்தில் விழும் விதை சேம்பர் சுவரிலேயே முளைத்துவிடும். இரண்டு இலையோடு இருக்கும்போதே வேரோடு பிடுங்கிவிட வேண்டும். ஒரு மழைக்காலம் விட்டுவைத்தால் செங்கல்லைப் பெயர்க்காமல் எடுக்க முடியாது.

அடுத்து தூங்குமூஞ்சி, குல்மோஹர், பெருங்கொன்றை, மா. இவை பெரிய மரங்கள். கிளை பரவியிருக்கும் அளவையும் தாண்டி வேர் போகும். தென்னை வேர் பருப்பதில்லை என்பதால் குழாயை உடைக்காது. ஆனால் பென்சில் கனத்தில் கூட்டமாக வந்து சேம்பர் சுவரின் இடுக்கில் நுழைந்துவிடும். வாழை, மூங்கில் இரண்டையும் சேம்பர் பக்கத்தில் வைக்கவே வேண்டாம்.

புதிதாக நடுவதென்றால், பெரிய மரத்துக்கும் குழாய்க்கும் நடுவே 6 மீட்டராவது விடுவோம். கொய்யா, எலுமிச்சை, மாதுளை போன்ற சிறு மரங்களுக்கு 3 மீட்டர். 30-க்கு 40 அடி மனையில் அவ்வளவு இடம் எங்கே என்று கேட்பீர்கள். குழாய் ஓரமாகச் செம்பருத்தி, நந்தியாவட்டை, பவளமல்லி வைத்துக்கொள்வோம். பெரிய மரத்தை எதிர்மூலைக்குக் கொண்டுபோவோம்.

சுத்தம் செய்வது

முதல் கட்டம், இருக்கும் அடைப்பை எடுப்பது. மூங்கில் பிளாச்சு விட்டுக் குத்துவது பழைய முறை. அது அடைப்பில் ஓட்டை போடுமே தவிர வேரை எடுக்காது. மோட்டாரில் சுழலும் ஸ்பிரிங் கம்பியின் நுனியில் வெட்டுக்கத்தி மாட்டிய மெஷின் வேரை அறுக்கும். அதன்பின் ஜெட்டிங் மெஷினால் கழுவினால் குழாய் சுத்தமாகிவிடும்.

ஜெட்டிங் செய்பவரிடம் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். பழைய ஸ்டோன்வேர் என்றால் அழுத்தத்தைக் குறைத்து வைக்கச் சொல்வோம். முழு அழுத்தத்தில் விரிசல் பெரிதாகலாம். கீழ்ப்பக்கச் சேம்பரிலிருந்து மேல்நோக்கி விடச் சொல்வோம். நாசில் பின்பக்கமாகத் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு தானே முன்னேறும். அறுபட்ட வேர் திரும்பி நம்மிடமே வரும். சேம்பரின் வெளிவாயில் ஒரு கம்பிக் கூடையை வைத்து அதைப் பிடித்துவிட வேண்டும். அப்படியே ரோட்டு லைனுக்குத் தள்ளிவிட்டால் அடைப்பு தெருமுனைக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

இதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள்தான் அதிகம். வெட்டிய வேர் இன்னும் அதிகக் கிளை விட்டுத் திரும்பி வரும். ஒன்றிரண்டு வருடத்தில் அதே செலவு. சுத்தம் செய்தது குழாயைப் பார்க்கத்தான் என்று வைத்துக்கொள்வோம். சரிசெய்வது இனிமேல்தான்.

ஜாக்கிரதை: குழிக்குள் ஆள் இறங்கக் கூடாது

இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. மேன்ஹோலிலும் செப்டிக் டேங்கிலும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் மீத்தேனும் தங்கியிருக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் மூக்கு முதலில் மரத்துப்போகும். வாடை இல்லை என்று நம்பி இறங்குகிறவர் அப்படியே சாய்வார், தூக்கப் போகிறவரும் சாய்வார். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் மனிதர்களை இறக்கிச் சுத்தம் செய்வதைத் தடை செய்கிறது. முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். வேலைக்குக் கூப்பிட்ட வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சாக்கடையில் இறப்பவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. இந்தக் கொடுமைக்கு எதிராக நாடு முழுதும் போராடி 2016-ல் மகசேசே விருது பெற்ற பெஜவாடா வில்சன், நம் கோலார் தங்கவயலில் பிறந்தவர்.

"பரவாயில்ல சார், ரெண்டு நிமிஷம் இறங்கிட்டு வந்துடுறேன்" என்று அவரே சொன்னாலும் விடக் கூடாது. மெஷின் கிடைக்கவில்லையென்றால் ஒரு நாள் காத்திருப்போம்.

குழாயை மாற்றுவது: வரிசையாக

விரிசல் ஓரிரு இடத்தில்தான் என்று கேமரா காட்டினால் அந்த இடத்தை மட்டும் மாற்றலாம். ஸ்டோன்வேர் லைன் முழுக்கத் தளர்ந்திருந்தால் மொத்தமாக மாற்றுவதே மலிவு. தோண்டாமல் உள்ளேயே பிசின் உறை ஒட்டும் முறையும் உண்டு. 1971-ல் லண்டனில் முதன்முதலில் செய்தார்கள். நம் ஊர்களில் பெரும்பாலும் பெரிய மாநகராட்சிக் குழாய்களுக்கு ஆகும் வேலை அது. வீட்டுக்குத் தோண்டிப் போடுவதுதான் கைக்கு எட்டும்.

முதலில் குழாய். மண்ணுக்கடியில் போடுவதற்கான ஐ.எஸ். 15328 முத்திரை உள்ள பி.வி.சி. வேண்டும் என்று கேட்டு வாங்குவோம். சுவரில் ஏற்றும் எஸ்.டபிள்யூ.ஆர். குழாயைக் கடைக்காரர் எடுத்து நீட்டுவார். கார் நிற்கும் இடத்துக்கடியில் அது வேண்டாம். வீட்டிலிருந்து முதல் சேம்பருக்கு 110 மி.மீ., அங்கிருந்து வெளியே 160 மி.மீ. போதும்.

தோண்டும்போது மரத்தடியில் கடப்பாரையை வீசி அடிக்காமல், மண்ணை மெதுவாக எடுக்கச் சொல்வோம். அடிமரத்தின் குறுக்களவைப்போல் 5 மடங்கு தூரத்துக்குள் எந்த வேரையும் வெட்டாமல் இருப்பது நல்லது. 40 செ.மீ. மரம் என்றால் 2 மீட்டர். அதற்கு வெளியே மெல்லிய வேர்களை ரம்பத்தால் நேராக அறுக்கலாம். கொத்திப் பிய்த்தால் அழுகல் பிடிக்கும். மணிக்கட்டு கனத்துக்கு மேல் இருந்தால் குழாயை அதற்கு அடியில் நுழைத்துக் கொண்டுபோவோம்.

வாட்டம்தான் அடுத்தது. 110 மி.மீ. குழாய்க்கு 40-க்கு 1, அதாவது மீட்டருக்கு 2.5 செ.மீ. 160 மி.மீ.-க்கு 60-க்கு 1. 12 மீட்டர் ஓட்டத்தில் 20 செ.மீ. இறங்க வேண்டும். கண்ணால் பார்த்துச் சொல்வதை ஏற்காமல், மேஸ்திரியை டியூப் லெவல் பிடிக்கச் சொல்வோம். குழியின் அடியில் 10 செ.மீ. மணல் விரித்து அதன்மேல் குழாயைக் கிடத்த வேண்டும். கல் முனையில் உட்கார்ந்த குழாய் ஒருநாள் அங்கேயே விரியும்.

இணைப்புக்கு வருவோம். வேர் பயம் உள்ள இடத்தில் ரப்பர் ரிங்கைவிட சால்வென்ட் சிமென்ட் ஒட்டுதான் என் தேர்வு. இரண்டு முனையையும் துடைத்து, மண் துகள் இல்லாமல் பார்த்து, இரண்டிலும் தடவி, ஒரே அழுத்தில் உள்ளே தள்ளி, கொஞ்ச நேரம் பிடித்திருக்க வேண்டும். ரிங் போட்டே ஆக வேண்டுமென்றால் சோப்புத் தண்ணீர் தடவிச் செருகலாம். எண்ணெயும் கிரீஸும் ரப்பரைக் கெடுக்கும்.

சேம்பர் சுவருக்குள் குழாய் நுழையும் இடத்தைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பி.வி.சி. வழுவழுப்பானது, சிமென்ட் அதைப் பிடிக்காது. சில மாதத்தில் சுற்றிலும் ஒரு மெல்லிய வளைய இடைவெளி விழும், வேர் அதில் நுழையும். நல்ல பிளம்பர் செய்வது இது: சுவருக்குள் போகும் பகுதியில் சால்வென்ட்டைத் தடவி, காய்வதற்குள் அதன்மேல் சொரசொரப்பான மணலைத் தூவுவார். காய்ந்ததும் குழாயின் தோல் உப்புத்தாள் போல ஆகிவிடும். அதன்பின் சிமென்ட் இறுகப் பிடிக்கும். ஒரு கைப்பிடி மணல், பத்து நிமிஷ வேலை. பக்கத்தில் நின்று செய்ய வைத்துவிடுங்கள்.

செங்கல் சேம்பருக்கு உள்ளே மட்டுமல்லாமல் வெளிப்பக்கமும் பூச்சு வேண்டும். இல்லையென்றால் ஒரே வார்ப்பாக வரும் பிளாஸ்டிக் சேம்பர் வாங்கிவிடலாம். செங்கல் இடுக்கே கிடையாது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு சேம்பர் இருக்க வேண்டும். மழைத்தண்ணீர்க் குழாயை இந்த லைனோடு சேர்க்கவே கூடாது. ஒரு பெரிய மழையில் தெரு மேன்ஹோல் பொங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மண் மூடும் முன் ஒரு சோதனை. கீழ்ச் சேம்பரின் வாயை பிளக்கால் அடைத்து, மேல் சேம்பரில் தண்ணீர் நிரப்பி, மட்டத்தைச் சாக்பீஸால் குறித்து அரை மணி நேரம் விடுவோம். மட்டம் இறங்கினால் ஒழுகல் இருக்கிறது. அந்த அரை மணி நேரத்தை மேஸ்திரி அவசரத்துக்காக விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கைவிட்ட பழைய லைனின் இரண்டு வாயையும் கான்கிரீட் போட்டு அடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் எலிக்கு வீடு.

வேர்த்தடுப்பு போடலாமா?

மரம் குழாய்க்கு 3 மீட்டருக்குள் இருந்தால், குழி திறந்திருக்கும்போதே போட்டுவிடுவது நல்லது. இதற்கென்று வெளிநாட்டுச் சரக்கைத் தேட வேண்டாம். கிருஷி பாக்யா திட்டத்தில் பண்ணைக் குட்டைக்கு விரிக்கிறார்களே, அந்தக் கறுப்பு ஷீட் விற்கும் விவசாயக் கடைகளில் 1 மி.மீ. கனமான எச்.டி.பி.இ. ஷீட்டைக் கேட்டுப் பார்க்கலாம். குழாய்க்கும் மரத்துக்கும் நடுவே, குழாய்ப் பக்கமாக, 75 முதல் 90 செ.மீ. ஆழத்துக்குச் சுவர்போல நிறுத்துவோம். மேல்விளிம்பு தரைக்கு மேலே இரண்டு விரல் நீட்டியிருக்க வேண்டும். மறைந்திருந்தால் வேர் அதன்மேல் ஏறித் தாண்டிவிடும். இரண்டு ஷீட் சேரும் இடத்தில் அரை மீட்டராவது ஒன்றின்மேல் ஒன்று வர வேண்டும். மரத்தைச் சுற்றி வளையமாகக் கட்டவே கூடாது. மரத்துக்கு மற்ற மூன்று பக்கமும் திறந்திருக்கட்டும்.

மயில்துத்தம், ஆசிட், கல்லுப்பு

யாரைக் கேட்டாலும் இதில் ஒன்றைச் சொல்வார்கள். குடகுக் காப்பித் தோட்டங்களில் போர்டோ கலவைக்குப் பயன்படும் மயில்துத்தம் பட்ட இடத்து வேரைக் கொல்லும் என்பது உண்மை. ஆனால் அது கீழே ஓடிப்போகும்; மேல்பக்கம் இருக்கும் வேரைத் தொடாது. போய்ச் சேருமிடத்தில் கழிவைச் செரிக்கும் பாக்டீரியாவைக் கொல்லும். அது வித்யாரண்யபுரம், ராயனகெரே, கெசரே சுத்திகரிப்பு நிலையமாகவும் இருக்கலாம், நம் செப்டிக் டேங்க்காகவும் இருக்கலாம். ஆசிட் சிமென்ட் இணைப்பை அரித்து வேருக்குக் கதவைத் திறந்துவிடும். கல்லுப்பு மண்ணைக் கெடுக்கும். மூன்றும் வேண்டாம்.

செப்டிக் டேங்க் வீடுகள்

யு.ஜி.டி. வராத புறநகர் லேஅவுட்களில் டேங்க் மூடிப் பலகைகளின் இடுக்கையும் சோக் பிட்டையும்தான் வேர் தேடும். பலகை இடுக்கை வாட்டர்ப்ரூஃப் கலவையால் அடைப்போம். சோக் பிட் தண்ணீரை மண்ணுக்கு விடுவதற்கென்றே இருப்பது. அதற்கு வேரை முழுக்கத் தடுக்க வழியில்லை. பெரிய மரத்திலிருந்து தள்ளி அமைப்பதுதான் வழி.

எவ்வளவு செலவு?

தோராயக் கணக்கு சொல்கிறேன். விலையும் கூலியும் இடத்துக்கு இடம் மாறும். இரண்டு பேரிடமாவது எழுதி வாங்கி ஒப்பிடுவோம்.

மெஷின் விட்டு வேர் அறுத்து ஜெட்டிங் செய்ய 2,500 முதல் 5,000 ரூபாய். 12 மீட்டர் லைனை மாற்ற: 160 மி.மீ. குழாய் 5,000 முதல் 6,000, ஃபிட்டிங்ஸ், சால்வென்ட் 2,000, மணல் 3,000, தோண்ட இரண்டு ஆள் இரண்டு நாள் 3,500, பிளம்பரும் உதவியாளரும் இரண்டு நாள் 4,000. சேம்பர் ஒன்றுக்கு 3,000 முதல் 5,000 வீதம் மூன்றுக்கு 9,000 முதல் 15,000. மொத்தம் 30,000 ரூபாயைச் சுற்றி வரும். வேர்த்தடுப்பு ஷீட்டுக்கு இன்னும் 2,000, 3,000.

கையைக் கடிப்பது மேலே உடைத்த தரை. கிரானைட்டோ டைல்ஸோ போட்டிருந்தால் அதைத் திரும்பப் போடும் செலவு குழாய்ச் செலவையே தாண்டலாம். குழாய் போகும் பட்டையில் பெயர்த்து மறுபடி பதிக்கக்கூடிய பேவர் கல்லோ கடப்பாக் கல்லோ போட்டுவிட்டால் அடுத்த முறை அந்தச் செலவு கிடையாது. பணம் தட்டுப்பாடு என்றால் இந்த வருடம் மரத்தடிப் பகுதியை மட்டும் மாற்றி, மீதியை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் மண் மூடும் முன் செய்யும் தண்ணீர்ச் சோதனையிலும் சேம்பர் ஒட்டிலும் மிச்சம்பிடிக்க வேண்டாம்.

யாரிடம் அனுமதி?

காம்பவுண்டுக்குள் இருக்கும் லைன் நம் பொறுப்பு. அடைப்பு தெரு மேன்ஹோலில் என்றால் மாநகராட்சியின் யு.ஜி.டி. பிரிவுக்குப் புகார் கொடுப்போம்; நம் வார்டுக்குரிய மண்டல அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிவைப்பது நல்லது. ரோட்டை வெட்ட வேண்டியிருந்தால் முன் அனுமதியும் ரோடு கட்டிங் கட்டணமும் உண்டு.

மரம் நம் மனையில் நின்றாலும் நினைத்தபடி வெட்ட முடியாது. 1976-ஆம் ஆண்டு கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி ட்ரீ ஆபீசரின் அனுமதி வேண்டும். ரோட்டோர மரத்தின் பெரிய வேரைத் தொடுவதற்கும் கேட்டுவிட்டுத் தொடுவதே சரி. 2025 ஏப்ரலில் ஹைதர் அலி ரோட்டில் சாலை விரிவாக்கத்துக்காக 40 மரங்களைச் சாய்த்தபோது இந்த ஊர் எப்படிக் கொதித்தது என்று பார்த்தோம். அதே ஊரில், 30,000 ரூபாய்க் குழாய் வேலைக்குப் பயந்து 40 வருட மாமரத்தை ஒவ்வொரு வீடாக இழந்துகொண்டிருப்பது எனக்கு ஏற்கவே முடியாத விஷயம்.

எப்போது செய்வது?

டிசம்பரும் ஜனவரியும் சரியான மாதங்கள். தசரா மழை ஓய்ந்திருக்கும், குழியில் தண்ணீர் ஊறாது, மண்ணில் மரத்துக்குப் போதுமான ஈரமும் இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் மழைக்கு முன் சுழற்றியடிக்கும் காற்றில்தான் மைசூரில் மரங்கள் சாய்கின்றன. அதற்கு முந்தைய வாரம் ஒரு பக்கத்து வேரை அறுத்தால் மரம் வீட்டின்மேல் விழலாம்.

மாற்றிய பிறகு வருடத்துக்கு இருமுறை, மே மாதத்திலும் நவம்பரிலும், சேம்பர்களைத் திறந்து பார்ப்போம். குழாய் நுழையும் வாயைச் சுற்றி வெள்ளை நூல்போல ஏதாவது தெரிகிறதா என்பதுதான் கேள்வி. தெரிந்தால் உடனே அந்த ஒட்டைக் கொத்திவிட்டு மறுபடி பூசினால் சில நூறு ரூபாயில் முடியும்.

மண்ணைத் தள்ளும் முன்

குழி திறந்திருக்கும்போதே டேப்பை விரித்துவைத்து போட்டோ எடுப்போம். காம்பவுண்டுச் சுவரிலிருந்து எத்தனை அடி, தரையிலிருந்து எத்தனை அடி ஆழம் என்பது படத்தில் தெரிய வேண்டும். முதல் படியில் வரைந்த தாளில் புதிய அளவுகளை எழுதி, போட்டோக்களையும் குழாய் பில்லையும் சேர்த்து வீட்டுப் பத்திரக் கோப்பிலேயே வைத்துவிடுவோம். அதன் ஒரு நகல் குடியிருப்பவரிடம் இருக்கட்டும். போர்வெல் போடவோ கேட் தூண் எழுப்பவோ கடப்பாரையோடு ஆள் வந்து நிற்கும்போது முதலில் அதை எடுத்துக் காட்டலாம்.